டீசல் டிரக் எதைப் பிடித்துக்கொண்டு மலை இறங்குகிறது?

டென்வரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கொலராடோவின் மேற்குச் சரிவில், மலைத்தொடருக்கு அப்பால், கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறாராம். சிறிய டிராக்டர், வைக்கோல் கட்டுகள், வேலிக் கம்பங்கள், பின்னால் ஆடுகள் என எல்லாவற்றையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஐ-70 நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும். “இழுக்க எந்தப் பெரிய பிக்கப் டிரக்கை வாங்குவது? ஃபோர்டு சூப்பர் டியூட்டியா, ராமா, செவ்ரோலே சில்வராடோ எச்டியா? அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஒருவர், எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே ஃபோர்டுதான் என்று அதையே காரணமாகச் சொல்கிறார். அறிவியல் ஏதாவது சொல்லுமா?” என்பது அவர் கேள்வி.

தாத்தாவின் விசுவாசத்துக்கு என்னிடம் சமன்பாடு இல்லை. மற்றதைப் பார்க்கலாம்.

முதலில் விளம்பரங்கள் முழங்கும் எண்ணை ஓரங்கட்டிவிடுவோம். முறுக்கு விசையில் இந்த மூன்று நிறுவனங்களும் பல ஆண்டுகளாகப் போட்டி போடுகின்றன. 2019 மாடலில் ராம் நிறுவனம் தன் கம்மின்ஸ் டீசல் எஞ்சினில் 1,000 பவுண்டு-அடி, அதாவது 1,356 நியூட்டன் மீட்டரைத் தொட்டது. 2023-இல் ஃபோர்டு தன் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கின் உயர்திறன் வடிவத்தில் 1,627-க்குப் போனது. செவ்ரோலேயின் டியூராமேக்ஸ் 1,322 என்ற அளவில் நிற்கிறது. மலையேற்றத்துக்குத் தேவைப்படுவது திறன். முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் வந்துவிடும் என்பது பள்ளிப்பாடம். டிரக்கும் டிரெய்லருமாக 10 டன் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஏற்ற, காற்றின் தடையையும் சேர்த்துச் சுமார் 190 கிலோவாட், அதாவது 260 குதிரைத்திறன் போதும். இன்றைய மூன்று டீசல்களும் 430 அல்லது அதற்கு மேல் தருகின்றன. எதை வாங்கினாலும் ஏறிவிடும்.

பெட்ரோல் எஞ்சின் இங்கே கொஞ்சம் முக்கும். ஐ-70 மலைத்தொடரைத் துளைத்துப் போகும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெரிய வி8 பெட்ரோல் எஞ்சின், உள்ளே இழுக்கும் காற்று குறைவதால் தன் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ உள்ள டீசல் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும்.

இழுவைத் திறனை நிறுவனங்கள் ஒரு காலத்தில் தங்கள் இஷ்டத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தன. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 தரநிலை வந்த பிறகுதான் எண்களை ஒப்பிட முடிகிறது. அதன் புகழ்பெற்ற பகுதி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 18 கிலோமீட்டர் ஏற்றம். கோடை வெயிலில் ஏசியை முழுவதும் ஓடவிட்டு, சுமையோடு, சாதாரண டிரக் மணிக்கு 40 மைலுக்குக் கீழே வேகம் தளராமல் ஏற வேண்டும். நல்ல சோதனைதான். ஆனால் வாசகர் ஏறுவதோடு நிற்கப்போவதில்லையே.

சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தோர்ன் ஊர் வரை சுமார் 13 கிலோமீட்டரில் சாலை 700 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. பிரேக் போன லாரிகளுக்காகச் சரளைக்கல் நிரப்பிய தப்பிப்புப் பாதைகள் அந்தச் சரிவில் ஓரமாக மேலேறிப் போகும். 10 டன் எடை 700 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 69 மெகாஜூல். 200 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அது முழுவதும் டிரக்கின் பிரேக் வட்டுகளுக்குள்ளேயே போய் வெளியேற வழியில்லாமல் தங்கினால், வார்ப்பிரும்பு உருகிவிடும். நிஜத்தில் காற்று வட்டுகளைக் குளிர்விக்கிறது. டிரெய்லரின் பிரேக்குகளும் பங்கெடுத்துக்கொள்கின்றன. ஆனாலும் பத்து நிமிடம் காலை எடுக்காமல் மிதித்தால் பிரேக் பட்டைகள் பிடிப்பை இழக்கும். பழைய பிரேக் திரவமாக இருந்தால் கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ்கள் உருவாகி, பெடல் பஞ்சுபோல் அமுங்கும். புது வண்டிக்குக் கோயிலில் பூஜை போட்டு டயரில் எலுமிச்சம்பழத்தை நசுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். பூஜை போடும் கையோடு அதை மாற்றும் தேதியையும் நாள்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

ஆக, இறக்கத்தில் அந்த ஆற்றலை வேறு எங்காவது கொட்ட வேண்டும். இருக்கும் ஒரே இடம் எஞ்சின்.

டீசல் எஞ்சினில் அழுத்த விகிதம் அதிகம், 16-க்கு 1 அளவில் இருக்கும்; அதனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே அது வண்டியை நன்றாகப் பிடித்து நிறுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. காலை எடுத்ததும் டீசல் தெளிப்பது நின்றுவிடும். உருளைக்குள் வெறும் காற்றுதான் இருக்கும். பிஸ்டன் மேலே வந்து அதை அழுத்தும்போது ஆற்றல் செலவாகிறது, சரி. அடுத்த கணமே அமுங்கிய காற்று விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். பெட்ரோல் எஞ்சினில் காற்றுப் பாதையை மறிக்கும் த்ராட்டில் தகடு உண்டு. அது மூடியிருக்கும்போது பிஸ்டன் வெற்றிடத்துக்கு எதிராகக் கீழே இறங்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். டீசலில் காற்று தடையின்றி உள்ளே வருவதால் அந்தப் பிடிப்பும் இல்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொறி வருகிறது. இந்த டிரக்குகளின் டர்போவில், வெளியேறும் புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தைச் சுற்றிக் குறுகலான வாசல் ஒன்று வளையமாக இருக்கிறது. அந்த வாசலின் அகலத்தைக் கணினி மாற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. வாசலைக் குறுக்கினால் அந்தக் கொஞ்சப் புகையும் சீறிப் பாய்ந்து சக்கரத்தை வேகமாகச் சுற்றும். புகை பெருகும்போது வாசல் விரியும். சில டர்போக்களில் சக்கரத்தைச் சூழ்ந்த சிறு இதழ்கள் சேர்ந்து திரும்பி இதைச் செய்கின்றன. ராம் டிரக்கின் கம்மின்ஸ் எஞ்சினில் வரும் ஹோல்செட் டர்போவில் இதழ்கள் திரும்புவதில்லை. வளையம் ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து வாசலை மூடித் திறக்கிறது.

எஞ்சினுக்கு மூச்சு கொடுக்க வைத்த இந்த வாசலை, இறக்கத்தில் கிட்டத்தட்ட முழுவதும் மூடிவிட்டால் என்ன ஆகும்? சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி அடைத்துக்கொண்டு தண்டை அழுத்திப் பாருங்கள். அதேதான். பிஸ்டன்களுக்கும் டர்பைனுக்கும் இடையிலுள்ள குழாயில் காற்று தேங்கி அழுத்தம் ஏறுகிறது. ஒவ்வொரு பிஸ்டனும் வெளியேற்றும் வீச்சில் மேலே வரும்போது அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். வெளியேற்றும் வால்வு திறந்திருப்பதால் இந்தக் காற்று விரிந்து பிஸ்டனுக்கு எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. வாசலின் கீற்று வழியே சூடாகப் பீறிட்டுக் குழாயோடு போய்விடுகிறது. மலையின் ஆற்றல் பின்னால் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. பிரேக் வட்டுகளுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேங்கிய அழுத்தம் வெளிக்காற்றைவிட 4 வளிமண்டல அளவு கூடுதல் என்று வையுங்கள். 6.7 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றையும் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இது 68 கிலோவாட். அந்தச் சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டரில் இறங்கும் 10 டன் வண்டியிலிருந்து உறிஞ்ச வேண்டியது சுமார் 117 கிலோவாட். மிச்சத்தைக் காற்றுத் தடை, டயர் உருள்வு, எஞ்சினின் சொந்த உராய்வு ஆகியவை பங்குபோட்டுக்கொள்ளும்.

இதே கணக்கைப் பெட்ரோல் எஞ்சினுக்குப் போடும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு வரும். வெற்றிடத்துக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு உறிஞ்சினாலும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் உண்டாக்க முடியாது. மலை உச்சியில் அந்த வெளிக்காற்றே மூன்றில் இரண்டு பங்குதான். ஆக 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 3,000 சுற்றில் இந்த வழியில் தரக்கூடிய பிடிப்பு, அதிகபட்சமாகப் பார்த்தாலும் 12 கிலோவாட். கியரைக் குறைத்து எஞ்சின் கதறக் கதற ஓட்டினால் கொஞ்சம் கூடும். டீசலின் எதிரழுத்தத்துக்கு அப்படி வளிமண்டலம் வேலி போடுவதில்லை. அதன் வேலி வால்வு ஸ்பிரிங். குழாயில் அழுத்தம் மிஞ்சினால், பக்கத்து உருளையிலிருந்து வரும் அழுத்த அலை, மூடியிருக்கும் வால்வைப் பின்புறமாகத் தள்ளித் திறந்துவிடும். ஸ்பிரிங் எவ்வளவு வலுவோ, பிரேக்கும் அவ்வளவு வலு.

எஞ்சினையே பிரேக்காக்கும் இந்த ஆசைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-இல் தன் டீசல் எஞ்சின் பொருத்திய டிரக்கில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பயணம் போனார். கலிபோர்னியாவின் கஜோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் கைவிட்டது. கீழே ரயில்வே கடவையில் சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்து முடிந்ததும் டிரக் கடவையைத் தாண்டியது. அந்த இறக்கத்தை மறக்காத அவர், ஓய்வுபெற்ற பிறகு வேறொரு தந்திரம் கண்டுபிடித்தார். அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவதற்குள் வெளியேற்றும் வால்வைத் திறந்து அதை விட்டுவிடுவது. எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஆர்வம் காட்டவில்லை. துளைபோடும் கருவிகளுக்கான பிடிச்சாதனம் தயாரித்துவந்த ஜேக்கப்ஸ் நிறுவனம்தான் கடைசியில் எடுத்துக்கொண்டது. 1961-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று பெரிய லாரிகளில் தடதடவென்று கேட்கும் ‘ஜேக் பிரேக்’ அதுதான். ஓடவைக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகிறவர்கள் நிறுத்தும் ஆராய்ச்சி என்றதும் பையைத் தடவுவது அன்றும் இன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

வாசகரின் பட்டியலில் உள்ள மூன்று டீசல்களிலும், டர்போ வாசலை மூடிப் பிடிக்கும் அந்த எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு. பொத்தானை அழுத்தி, இழுவை முறையையும் போட்டுவிட்டால், கியர்பெட்டி தானாகக் கியரைக் குறைத்து எஞ்சின் சுற்றை உயர்த்தி வைக்கும். பனியிலும் உறைபனியிலும் மட்டும் இதை அணைத்துவிட வேண்டும். இந்தப் பிடிப்பு ஓட்டும் சக்கரங்களில் மட்டுமே இறங்குகிறது. அவை வழுக்கினால் பின்னாலிருக்கும் டிரெய்லர் டிரக்கை மடித்துத் தள்ளிவிடும்.

எனவே மலைதாண்டிப் போகிறவருக்கு என் பரிந்துரை டீசல். சமவெளியில் பண்ணைக்கும் தீவனக் கடைக்கும் நடுவே மட்டும் ஓடும் வண்டி என்றால் பெட்ரோலே சொல்வேன். டீசல் எஞ்சின் வண்டிக்கு விலை பல ஆயிரம் டாலர் கூடுதல். குறுகிய தூர ஓட்டத்தில் புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காது. புகையைச் சுத்தப்படுத்தக் கூடவே ஊற்ற வேண்டிய யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துபோகும் (தொட்டியிலுள்ள ஹீட்டர் உருக்கித் தரும், ஆனால் கொட்டகையில் வைத்த கேன் உறையும்).

பிராண்டுகளுக்கு இடையே மிஞ்சுவது ரசனை சார்ந்த வித்தியாசம். ஃபோர்டும் ராமும் நான்கு சக்கர ஓட்டத்தில் முன்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைத் திட அச்சு வைத்திருக்கின்றன. முரட்டு வேலைக்கு எளிமையானது. செவ்ரோலேயின் தனித்தனி முன் சஸ்பென்ஷன் நெடுஞ்சாலையில் சொகுசு. ராமின் ஆறு உருளைகளும் ஒரே வரிசையில் நிற்பதால் பழுதுபார்க்கக் கைபோக இடம் இருக்கும். என் சாய்வு ராம் பக்கம். அந்த நகரும் வளையத்தின்மேல் இருக்கும் மோகமும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் எந்த மாடல் என்பதைவிட, ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் முக்கியம். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் இருக்கும். டிரக்கின் பின்தட்டுக்குள்ளேயே மாட்டும் கூஸ்நெக் வகை டிரெய்லர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை டிரக்கின் முதுகில் வைக்கும். 6,400 கிலோ டிரெய்லர் என்றால் அது 1,280 கிலோ. டீசல் எஞ்சினின் சொந்த எடை காரணமாக, பல 2500 வகை டிரக்குகளில் (ராம், செவ்ரோலேயின் பெயர்; ஃபோர்டில் எஃப்-250) அந்த ஸ்டிக்கர் அனுமதிப்பது ஏறக்குறைய 1,000 கிலோதான். குடும்பம் ஏறி உட்காருவதற்கு முன்பே கணக்கு உதைக்கிறது. கூஸ்நெக் வேண்டுமானால் அதற்கு அடுத்த பெரிய 3500 வகையைப் பாருங்கள். சாதாரண டிரெய்லரானால், அதில் 12 சதவீதம், 770 கிலோ, கொக்கியில் இறங்கினால் போதும், 2500 தாங்கும். டிராக்டரை டிரெய்லரில் ஏற்றும்போது முன்பின் நகர்த்தி அந்த எடையைச் சரிசெய்துகொள்ளலாம். சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நெடுஞ்சாலையோர டிரக் நிலையங்களில் எடைமேடை இருக்கிறது. மலையேறுவதற்கு முன் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.