விளக்கடியில் நின்றால் ஏன் வழி தெரிவதில்லை?

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவில் மாலை ஏழு மணிக்குமேல் பெண்களைக் காண்பது அரிது. விளக்குக்குக் குறைவில்லை, நடைபாதை நெடுகக் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. ஓர் இரவு என் மகளோடு அந்தக் கம்பங்களில் ஒன்றின் அடியில் நின்றேன். உள்ளங்கை ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இருபதடி தள்ளி பெஞ்சில் ஒருவர் அமர்ந்திருந்ததை, அவர் இருமிய பிறகுதான் அறிந்தோம். அவரோ எங்களை நன்றாகவே பார்த்திருப்பார். மகள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

இதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு அன்று, வெளிச்சம் பரவியிருக்கும் விதம். எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளி வீசும் விளக்கு 10 அடிக் கம்பத்தில் இருப்பதாகக் கொள்வோம். கம்பத்தின் அடியில் தரையில் விழும் ஒளியோடு ஒப்பிட்டால், 20 அடி தள்ளித் தரையில் விழுவது ஏறத்தாழ 11-இல் ஒரு பங்கே. தொலைவு கூடக்கூட ஒளி குறைவதோடு, தரையில் அது சாய்ந்து விழுவதாலும் இவ்வளவு இழப்பு நேர்கிறது. கண்ணோ மிகப் பிரகாசமான இடத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நொடியில் சுருங்கிவிடும் கண்பாவை விரிய நேரமாகும், விழித்திரை இருளுக்கு முழுதாகப் பழகவோ 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். ஆகவே விளக்கின் திறனைக் கூட்டினால் அடுத்துள்ள இருட்டு இன்னும் அடர்த்தியாகிறது. குறைந்த திறனுள்ள விளக்குகளை நெருக்கமாக வைத்து, ஒளிமூலம் நேரே கண்ணில் படாதபடி மறைப்பு பொருத்துவதே சரியான தீர்வு.

எதிரே வருபவரின் முகம் தெரிவது அதைவிட முக்கியம் என்பேன். தரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், உச்சியிலிருந்து விழும் ஒளியில் கண்குழிகள் நிழலில் மறைந்துவிடும்; வருபவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பது புலப்படாது. அதனால்தான் ஒளியியல் வல்லுநர்கள் தரையில் மட்டும் அளக்காமல், ஏறத்தாழ 5 அடி உயரத்தில், முகத்தின்மீது பக்கவாட்டில் விழும் ஒளியையும் அளக்கிறார்கள். பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் பச்சைச் சட்டையும் பழுப்புச் சட்டையும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், வெள்ளை ஒளிக்கு மாறியது நல்லதே.

செடிகளுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: புதர் 2 அடிக்கு மேல் வளரக் கூடாது, மரக்கிளை 6 அடிக்குக் கீழே தாழக் கூடாது. இடைப்பட்ட வெளியில் பார்வை தடையின்றிச் செல்லும். பார்வையை மறைக்கிறதென்று மரத்தையே வெட்ட வேண்டியதில்லை; புங்கனின் கீழ்க்கிளைகளைக் கழித்தாலே போதும். உயரமான சுற்றுச்சுவரும் இப்படித்தான்: உள்ளே நடப்பதைச் சாலையில் போகிறவர் பார்க்க முடியாதபோது, சுவர் காப்பது தவறு செய்பவரையே.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைவதை 1990-களில் கவனித்தார்கள். பந்தாடும் திடலை ஆண்பிள்ளைகள் பிடித்துக்கொள்ள, சிறுமிகள் போட்டியிடாமல் விலகியிருக்கிறார்கள். 1999-இல் இரு பூங்காக்களைத் திருத்தி அமைத்தபோது, பெரிய திடல்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளையும் நுழைவழிகளையும் கூட்டினார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள். ஒரே வாயில் உள்ள திடலில் வாயிலருகே நால்வர் நின்றாலே உள்ளே போகத் தயங்குகிறவர்கள், வேறு வழி இருந்தால் தயங்குவதில்லை.

இனி வாயிற்படி. ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகளுக்கு மாற்றாக எங்கள் பூங்காவில் ஐந்தடி நீளத்தில் ஒரு சாய்தளம் போட்டிருக்கிறார்கள். நாட்டின் அணுகல் வழிகாட்டுதல்கள் அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவு 12-க்கு 1, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம்; அதன்படி 18 அங்குல உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். ஆளும் சக்கர நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்றால், விதிப்படியான சரிவில் ஏறத்தாழ 6.6 கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். எங்கள் சாய்தளத்தில் 23 கிலோவுக்கான விசை தேவை. வயதான மனைவியால் கணவரைத் தள்ளி ஏற்ற முடியாது. போதாக்குறைக்கு அதில் பதித்திருப்பது பளபளக்கும் கிரானைட். மழையில் செருப்புக்கும் வழுவழுப்பான கல்லுக்கும் இடையே நீர்ப்படலம் சிக்கிக்கொள்வதால் பிடிமானம் போய்விடுகிறது. நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லில் அந்த நீர் குழிகளுக்குள் ஒதுங்க, கல்லின் முனைகள் செருப்பைப் பற்றிக்கொள்ளும். கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டத்தில் அத்தகைய கல் கிடைக்காமல் போகாது.

இடமும் இருக்கிறது. வாயிலின் இடப்புறம், பெயர்ப்பலகைக்குப் பின்னால், சுவரோரமாக 21 அடி வெறுமனே கிடக்கிறது. நாடா பிடித்து அளந்துவிட்டேன்.