ஈர ரன்வேயும் பின்காற்றும்

விமானம் இறங்காமல் வட்டமடித்தால், 'இந்த மழைக்கா?' என்று பயணிகள் சலித்துக்கொள்வதுண்டு. ஜன்னலில் தெரியும் மழையை வைத்து இறங்குவது முடிவாவதில்லை. பார்வைத் தூரம், காற்று, ரன்வேயில் நிற்கும் தண்ணீர் ஆகியவற்றுக்கு வரம்புகள் இருக்கின்றன.

பார்வைத் தூரத்தில் குழப்பம் குறைவு. ரேடியோ சமிக்ஞையால் ரன்வேக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். கருவியின் முதல் வகை இறக்கத்துக்குப் பொதுவாக 550 மீட்டராவது தெரிய வேண்டும். 200 அடிக்கு வந்தும் விளக்குகள் கண்ணில் படாவிட்டால் மேலேறிவிட வேண்டும். போகிப் புகையில் சென்னை விமானங்கள் தாமதமாவது இதனால்தான்.

காற்றும் தண்ணீரும் சேரும்போதுதான் விமானத் துறையில் உள்ள எங்களுக்குக் கவலை அதிகம். காற்றைப் பொறுத்து 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு 10 நாட் எதிர்க்காற்று இருந்தால் தரைவேகம் 130. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 150. பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பல விமானங்களுக்குப் பின்காற்று வரம்பு 10 நாட், சிலவற்றுக்கு 15. கீழே தண்ணீர் தேங்கியிருந்தால், 200 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் சுமார் 127 நாட்டுக்கு மேல் தரையைத் தொடாமல் நீர்ப்படலத்தின் மேலேயே வழுக்கலாம். அப்போது பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது.

கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 இரவு நடந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் முயற்சியைக் கைவிட்ட விமானம், எதிர்த் திசையிலிருந்து அதே ஈர ரன்வேயின் மறுமுனைக்கு (எண் 10) வந்தது. பின்காற்று சுமார் 14 நாட். 2700 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1350 மீட்டர் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. ரன்வே அமைந்த மேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள். வேகமும் உயரமும் சீராக இல்லாத, நிலையற்ற இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததே காரணம் என்றது விசாரணை அறிக்கை. பாதி ரன்வே போன பிறகும் இறங்குவதை விட, மேலேறுவதே சரி.

2021 நவம்பரிலிருந்து ரன்வேயை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நிலையையும் காட்ட 0 முதல் 6 வரை எண் தருகிறார்கள். உலர்ந்தது 6, வெறும் ஈரம் 5. தண்ணீர் 3 மி.மீ.க்கு மேல் நின்றால் நேரே 2. கொட்டும் மழையில் அந்த எண் சில நிமிடங்களிலேயே பழையதாகிவிடும். அதனால் சற்றுமுன் இறங்கிய விமானி 'பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை' என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லும் தகவல் மிக முக்கியம்.

மேகம் விலகக் காத்திருக்கவும் மாற்று விமான நிலையத்துக்குப் போகவும் தேவையான எரிபொருளைக் கணக்கிட்டே ஏற்றுகிறார்கள். அதற்கும் மேல் 30 நிமிடம் பறக்கக் கடைசி இருப்பு இருக்கும். வட்டமடிக்கும்போது எரிபொருள் பற்றிப் பயப்பட வேண்டாம். அவசரப்பட்டு இறங்கும்படி பணிப்பெண்ணிடம் சண்டை போடவும் வேண்டாம்.