நல்லெண்ணெயில் ஏன் சீக்கிரம் சிக்கு வாடை வருவதில்லை?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாசிப் பட்டத்து எள்ளை ஆட்டித் தூக்கில் ஊற்றி வைத்தால், பொங்கல் தாண்டியும் எண்ணெய் அப்படியே இருக்கிறது. கடலை எண்ணெய் அதற்குள் சிக்கு வாடை அடிக்கிறது. செக்கில் போடுகிற கருப்பட்டிதான் காரணம் என்கிறார் அம்மா. உண்மையா?"

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கருப்பட்டி காரணமில்லை. அதன் ஈரமும் பிசுபிசுப்பும் எள் மாவைத் திரட்டி, எண்ணெய் பிரிய வழி செய்கின்றன. சர்க்கரை எண்ணெயில் கரையாது. ஆகவே இனிப்பெல்லாம் பிண்ணாக்கோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கணக்குப்படி பார்த்தால் நல்லெண்ணெய்தான் முதலில் கெட வேண்டும். எண்ணெய் கெடுவதில் முக்கியக் குற்றவாளி லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நல்லெண்ணெயில் அது 40 முதல் 45 சதவீதம் வரை இருக்கிறது. நம் ஊர்க் கடலை எண்ணெயில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பிறகு எப்படி?

முதலில் எண்ணெய் கெடுகிற கதை. வேடிக்கை என்னவென்றால், இதைத் துப்புத் துலக்கியதில் பெரும்பங்கு சமையல்காரர்களுக்கோ மருத்துவர்களுக்கோ இல்லை, 1940களில் பிரிட்டனில் ரப்பர் ஏன் வெடித்துப் போகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு. போலண்ட், ஜீ என்ற இருவர் போட்டுக் கொடுத்த சங்கிலி வினைதான் இன்றும் பாடம். லினோலெயிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கார்பனில் ஹைட்ரஜன் தளர்வாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம், சூடு, பாத்திரத்திலிருந்து வந்த துளி இரும்பு, இவற்றில் ஏதாவது ஒன்று அந்த ஹைட்ரஜனை உருவக் காரணமாகிவிட்டால், இணையில்லாத எலக்ட்ரானோடு ஒரு தனி உறுப்பு மிஞ்சும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பெராக்ஸில் ஆகும். பெராக்ஸில் பக்கத்திலிருக்கும் கொழுப்பிடம் ஹைட்ரஜனைப் பிடுங்கும். பறிகொடுத்தது அதற்கு அடுத்ததிடம் பிடுங்கும். நடுவில் உண்டாகும் பெராக்சைடுகள் உடைந்து ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகள் வெளியேறும். நம் மூக்குக்குச் சிக்கு வாடையாகத் தெரிவது இவைதான்.

இந்தச் சங்கிலியை அறுப்பதுதான் ஆன்டி ஆக்ஸிடன்ட்டின் வேலை. வைட்டமின் ஈ போன்ற ஃபீனால் சேர்மங்களில் ஒரு ஓ-ஹெச் தொகுதி இருக்கும். பெராக்ஸில் கொழுப்பிடம் ஹைட்ரஜனைப் பிடுங்குகிற வேகத்தைவிட இந்த ஓ-ஹெச்சிடம் பிடுங்குகிற வேகம் பல்லாயிரம் மடங்கு அதிகம். அதனால்தான் ஒரு தூக்கு எண்ணெய்க்குச் சிட்டிகை அளவே போதுமானதாக இருக்கிறது. ஹைட்ரஜனைக் கொடுத்த பிறகு ஃபீனாலும் தனி உறுப்பாகத்தான் நிற்கும். ஆனால் இணையில்லாத அந்த எலக்ட்ரான், ஃபீனாலின் பென்சீன் வளையம் முழுக்கப் பரவிவிடுவதால் அதற்கு அடுத்தவரிடம் பிடுங்கும் வேகம் இல்லை. வினை அங்கேயே நின்றுவிடும்.

சரி, வைட்டமின் ஈ கடலை எண்ணெயிலும்தான் இருக்கிறது. எள்ளிடம் இருக்கும் தனிச்சொத்து லிக்னான்கள் என்ற தாவரச் சேர்மங்கள். அவற்றில் முக்கியமானவை செசமின், செசமோலின் என்ற இரண்டு. நூறு கிராம் எண்ணெயில் சில நூறு மில்லிகிராம் தேறும். எனக்கு எள்ளின் மேல் காதல் வந்தது இந்த இடத்தில்தான்.

செசமினின் வாய்பாடு சி20 ஹெச்18 ஓ6. செசமோலின் சி20 ஹெச்18 ஓ7. வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன். இரண்டிலும் நடுவில் இரட்டை வளையக் கூடு, இருபுறமும் ஒவ்வொரு பென்சீன் வளையம். இரண்டு மூலக்கூறிலும் வெறும் ஓ-ஹெச் ஒன்றுகூடக் கிடையாது. அதாவது, மேலே சொன்ன சங்கிலி அறுக்கும் வேலைக்கு இரண்டுமே லாயக்கில்லை. ஆனால் செசமோலினில் ஒரு பக்கத்து பென்சீன் வளையம் கூட்டோடு நேராக ஒட்டாமல், அந்த ஏழாவது ஆக்சிஜன் வழியாக ஒட்டியிருக்கிறது. வேதியியலில் இதற்கு அசிட்டால் இணைப்பு என்று பெயர். அமிலம் பட்டாலோ நன்றாகச் சூடேறினாலோ அறுந்துபோகிற இணைப்பு இது. அறும்போது ஆக்சிஜன் வளையத்தோடு போய்விடுகிறது, கூடவே ஒரு ஹைட்ரஜனும் அதில் சேர்கிறது. இப்போது கையில் இருப்பது செசமால். பளிச்சென்று ஓர் ஓ-ஹெச் உள்ள, சுறுசுறுப்பான ஃபீனால்!

விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்து, நாற்று விடும் பருவத்தில் அவிழ்ப்பது போலத்தான் இது. சும்மா கிடக்கும்போது செலவாகாமல் செசமோலினாக இருக்கிறது. எண்ணெய்க்குச் சோதனைக் காலமான சூட்டில் கட்டு அவிழ்ந்து செசமால் ஆகிறது. சூடாக்கினால் பெரும்பாலான எண்ணெய்கள் காவலை இழக்கும், இது புதிதாகக் காவல் போடுகிறது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் நமிக்கி குழுவினர் 1980களில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார்கள். அங்கே எள்ளை வறுத்துத்தான் ஆட்டுவார்கள். அதில் செசமால் முன்கூட்டியே நிறைய விடுபட்டிருக்கும், எண்ணெயும் வெகுநாள் தாங்கும். நாம் வெயிலில் காயவைத்துப் பச்சையாக ஆட்டுகிறோம். இதில் செசமால் கொஞ்சம்தான். காமா டோகோஃபெரால் என்ற வைட்டமின் ஈ வகையோடு சேர்ந்து அதுவே தூக்கில் காவல் காக்கிறது. மிச்சம் செசமோலினாகக் கையிருப்பில் கிடக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய்க்கு நல்லெண்ணெயை நன்றாகக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றும் பழக்கத்தில் இந்தக் கையிருப்பின் ஒரு பங்கு அவிழ்கிறது. அதற்காக வடை சுட்ட எண்ணெயில் நாலாவது முறையும் அப்பளம் பொரிக்க வேண்டாம். செசமாலும் செலவாகித் தீரும்.

செடி இதையெல்லாம் நமக்காகச் செய்யவில்லை. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். முளைவிடும் குருத்துக்கு அதுதான் கட்டுச்சோறு. வைகாசியில் அறுவடை நடக்கும்போது பாருங்கள். காய் வெடிப்பதற்குள் அறுத்து, அடித்தண்டு வெளியேயும் நுனி உள்ளேயும் இருக்கும்படி வட்டமாக அடுக்கி, வைக்கோல் போட்டு மூடி, மூன்று நாள் புழுக்கத்தில் விடுவார்கள். அப்புறம் பிரித்துத் தலைகீழாக உலுக்கினால் முக்கால்வாசி எள் கொட்டிவிடும். மறுநாள் காயவைத்து உலுக்கினால் மீதி. இந்தப் புழுக்கம், சித்திரை வைகாசி வெயில், அடுத்த பட்டம் வரை மூட்டைக்குள் வாசம், இத்தனைக்கும் தாக்குப்பிடித்தால்தான் விதை முளைக்கும். உலர்ந்த விதைக்குள் நொதிகள் அனேகமாகத் தூக்கத்தில் இருக்கும், பழுது பார்க்க ஆளில்லை. காவலுக்கு இந்த மூலக்கூறுகள்தான். கடுகு குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் வைட்டமின் ஈ உண்டாகாதபடி செய்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2004இல் வெளியானது. அந்த விதைகள் சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்தன. முளைத்தவற்றிலும் கொழுப்பு கெட்டிருந்தது. எள் தானம் வாங்கினால் சனி பிடிக்கும் என்று இந்த விதையைத் தொடவே தயங்குகிறவர்களை எனக்குத் தெரியும். திருநள்ளாற்றில் எள் தீபம் போடுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் வாங்கித் தின்னப் பயப்படுவது நஷ்டம்.

பாட்டிலுக்குள் நடப்பது உடம்புக்குள்ளும் அப்படியே நடக்குமா? அவசரப்படக் கூடாது. செசமின் கல்லீரலில் வைட்டமின் ஈயைச் சிதைக்கும் நொதியை மட்டுப்படுத்துவதால், இரத்தத்தில் காமா டோகோஃபெரால் கூடுகிறது. இது நல்ல ஆதாரமுள்ள செய்தி. ஆனால் 'ஆன்டி ஆக்ஸிடன்ட் என்றாலே நன்மை' என்பது வியாபாரப் பேச்சு. ஃபின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடித்தான் போனது. முடிவு 1994இல் வந்தது. அப்படியிருந்தும் நம் கல்லூரிகளில் கண்ணில் பட்ட விதையையெல்லாம் அரைத்து மெத்தனாலில் ஊறவைத்து, டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் விட்டு, மஞ்சளாகிறதா என்று பார்த்துக் கட்டுரை எழுதுகிறோம். பெரும்பாலான விதைகளில் ஏதோ ஒரு ஃபீனால் இருக்கும், நிறம் மாறத்தான் செய்யும். அந்தக் காசில், டெல்டாவில் விதைக்கும் டி.எம்.வி 3 போன்ற ரகங்களில் எதில் செசமோலின் அதிகம், புழுக்கத்தில் விடுவதால் அது கூடுகிறதா குறைகிறதா என்று வருஷா வருஷம் அளந்தால் எள் போட்டவருக்குப் பயன்படும். தஞ்சையிலேயே உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இடத்துக்குப் பஞ்சமில்லை.

வாசகர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: கடையில் வாங்குவது நல்லெண்ணெய்தானா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அதற்கும் செசமோலின்தான் துணை. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்து எண்ணெயோடு குலுக்கினால், அமிலப் பகுதி ரோஜா நிறத்திலிருந்து சிவப்புக்கு ஏறும். அமிலம் செசமோலினை உடைத்துச் செசமாலை விடுவிக்கிறது. சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஃபர்ஃப்யூரால் வகைப் பொருளோடு அது சேர்ந்து நிறம் கொடுக்கிறது. போடுவான் சோதனை என்று இதற்குப் பெயர். வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் வெகுகாலம் விதி இருந்ததே, இதற்காகத்தான். நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உங்கள் கேள்விக்கு இது பாதி பதில்தான். சிவப்பு வந்தால் எள் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம், வேறெதுவும் கலக்கவில்லை என்று அர்த்தமில்லை. பாமாயில் கலப்பு இருக்கிறதா என்று பார்க்க அயோடின் மதிப்பு, அதாவது எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு அயோடினை ஏற்கின்றன என்ற கணக்கை, அளக்க வேண்டும். நல்லெண்ணெய்க்கு அது நூறைத் தாண்டும், பாமாயிலுக்கு ஐம்பதை ஒட்டி நிற்கும்.