மவுஸ் வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

போன பங்குனியில் ஓர் அம்மா தன் மகனைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன், விடுதியில் தங்கிப் படிக்கிறான். நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து உட்கார்ந்து உதறினால் கொஞ்சம் தேவலை என்றான். எந்தெந்த விரல் என்று கேட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியவன் சுண்டுவிரலைத் தொடவே இல்லை. பாதி விவரம் அதிலேயே தெரிந்துவிட்டது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை. இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னேன். இருபது நொடிக்குள் விரல் நுனிகளில் விறுவிறுப்பு தொடங்கிவிட்டது.

“எந்நேரமும் லேப்டாப்பில் விளையாட்டுதான் மேடம். நீங்கள் சொன்னால் விடுவான்” என்றார் அம்மா.

விளையாட்டை விடு என்று எழுதிக் கொடுப்பது எனக்கு எளிது. பத்து நாள் விடுவான், பிறகு அதே மேஜையில் அதே மவுஸோடு உட்காருவான். அதனால் வேறொன்று சொன்னேன்: “அடுத்த முறை வரும்போது லேப்டாப், மவுஸ், மவுஸ் பேட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. நீ விளையாடுவதை நான் பார்க்க வேண்டும்.”

சேலத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தொடக்கத்தில் என்னிடம் வந்த மணிக்கட்டுகள் பெரும்பாலும் அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுடையவை, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்களுடையவை. இப்போது அந்த வரிசையில் கல்லூரிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். லேப்டாப்போடு எடுத்துச் செல்ல வயர்லெஸ் மவுஸ் வாங்கப்போகும் பிள்ளைகளும், வாங்கித் தரப்போகும் பெற்றோரும் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்த வாரம் அவன் மேஜையில் எடுத்து வைத்த மவுஸ் என் உள்ளங்கைக்கே சிறியது. ‘பயணத்துக்கு ஏற்றது’ என்று பெட்டியில் போட்டிருந்ததாம். நீளம் 9.5 செ.மீ. ஒரு தாளில் அவன் கையை விரித்து வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தேன். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை 19.5 செ.மீ. இவ்வளவு பெரிய கை அவ்வளவு சிறிய பொருளைப் பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். உள்ளங்கை படிய இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. கையின் பாரம் முழுவதும் மணிக்கட்டின் அடிப்பக்கத்தில், அந்த நரம்பு போகிற இடத்திலேயே, மேஜை விளிம்பில் அழுந்துகிறது. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருக்கிறது. மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் அந்தப் பாதைக்குள் அழுத்தம் குறைவு. மேலே மடங்கினாலும் கீழே மடங்கினாலும் அழுத்தம் ஏறும்.

அதனால் முதல் அளவு கையின் அளவு. கை நீளத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் மவுஸின் நீளமாக இருந்தால் உள்ளங்கை அதன் முதுகில் படியும். இவனுக்கு அது 11.7 செ.மீ. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை 16 செ.மீ. இருந்தால் 9.5 செ.மீ. மவுஸ் சரியாகவே இருக்கும். சிறிய மவுஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. விரல் நுனியால் மட்டும் பிடித்து ஆடும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் சிறியதை விரும்புவார்கள், அதுவும் சரி. ஆனால் பைக்குள் அடங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிறியதை வாங்காதீர்கள். 12 செ.மீ. மவுஸும் லேப்டாப் பையின் முன்னறையில் தாராளமாக அடங்கும்.

அவனை விளையாடச் சொல்லிவிட்டு நான் திரையைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். துப்பாக்கி பிடித்து ஓடும் விளையாட்டு. இழுப்பான், பேட்டின் ஓரம் வந்துவிடும், மவுஸைத் தூக்கி நடுவில் வைப்பான், மறுபடி இழுப்பான். ஒரு நிமிடத்தில் பத்து முறைக்கு மேல் தூக்கி வைத்தான். ஒவ்வொரு தூக்கலிலும் கட்டைவிரலும் மோதிர விரலும் இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கின்றன. நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் எத்தனை கிள்ளல் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மவுஸ் என்ன எடை என்று கேட்டேன். தெரியாது என்றான். அவன் அம்மா கொலுசுப் பட்டறையில் கண்ணி கோத்துப் பற்றவைக்கும் வேலை செய்கிறவர். மறுமுறை வரும்போது வெள்ளி நிறுக்கும் தராசிலேயே நிறுத்துக்கொண்டு வந்துவிட்டார்: 91 கிராம். சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலின் அடியைத் தானே தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அங்கே வலி, வருடக்கணக்காக. இடுக்கியை ஆயிரம் முறை கிள்ளிப் பிடிக்கும் தாயும், மவுஸை ஆயிரம் முறை கிள்ளித் தூக்கும் மகனும் ஒரே தசைநாண்களைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இருவருக்கும் சேர்த்தே பயிற்சி சொல்லிக் கொடுத்தேன்.

91 கிராமில் பேட்டரியின் பங்கு பெரிது. சாதாரண அல்கலைன் ஏஏ பேட்டரி ஏறக்குறைய 23 கிராம். லித்தியம் ஏஏ 15 கிராம்தான் வரும், விலை கூடுதல். ஏஏஏ பேட்டரியை ஏஏ அளவு உறைக்குள் போட்டும் பயன்படுத்தலாம், மின்னழுத்தம் ஒன்றுதான். பேட்டரியின் எடை பாதியாகும், சீக்கிரம் தீர்ந்துபோகும். உள்ளேயே சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரி உள்ள மவுஸ்களில் இப்போது 60 கிராம் அளவில் பல கிடைக்கின்றன. எடையைப் பெட்டியில் பார்க்கும்போது ‘பேட்டரியோடா, பேட்டரி இல்லாமலா’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு எண்ணையும் கலந்து சொல்லிவிடும் விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எடையைக் குறைப்பதைவிடத் தூக்கும் எண்ணிக்கையைக் குறைப்பது முக்கியம். அங்கேதான் மவுஸ் பேட் வருகிறது. மவுஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பேட்டை இனாமாக வந்தது போதும் என்று விடுகிறார்கள். என் அனுபவத்தில் கைக்கு அதிகம் தீங்கு செய்வது அந்த இனாம் பேட்தான்.

அவனுடையது 22 செ.மீ. அகலம். மவுஸ் அகலம் 6 செ.மீ. போனால் ஓட மீதி இருப்பது 16 செ.மீ. விளையாட்டுக்குள் முகத்தை முழுவதும் பின்பக்கம் திருப்ப அவன் மவுஸை எத்தனை தூரம் நகர்த்துகிறான் என்று ஸ்கேல் வைத்து அளந்தேன்: 20 செ.மீ. அதாவது ஓரத்திலிருந்து ஓரம்வரை போனாலும் ஒருமுறை திரும்பப் பற்றாது, தூக்கித்தான் ஆக வேண்டும். இந்த அளவை நீங்களும் வீட்டில் எடுத்துப் பார்க்கலாம். பின்பக்கம் திரும்ப ஆகும் தூரத்தை இரட்டித்து, மவுஸின் அகலத்தைக் கூட்டுங்கள். நடுவிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தூக்காமல் ஆட அவ்வளவு அகலம் வேண்டும். இவனுக்கு 46 செ.மீ. கடையில் 45-க்கு 40 செ.மீ. என்று விற்கும் துணி பேட் ஏறக்குறைய அதுதான்.

“அவ்வளவு பெரியதைப் பையில் எப்படி மேடம்?” என்று கேட்டான். துணி பேட்டை மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் தடம் விழுந்து மவுஸ் இடறும். துணிப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டினால் விரிக்கும்போது ஓரங்கள் எழும்பாமல் படியும். 2 மி.மீ. கனமுள்ளது ஒல்லியாகச் சுருண்டு லேப்டாப் பையில் நிற்கும். 4 மி.மீ. கைக்கு மெத்தென்று இருக்கும், சுருட்டினால் தடியாகிவிடும். தினமும் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு 2 அல்லது 3 போதும். விடுதி மேஜை 90 செ.மீ. அகலம் இருந்தால், 36 செ.மீ. லேப்டாப்பும் 45 செ.மீ. பேட்டும் பக்கம் பக்கமாக அமையும். மேஜை அதைவிடச் சிறியது என்றால் 32 செ.மீ. பேட் வாங்கிவிட்டு, விளையாட்டின் அமைப்பில் வேகத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

சற்று என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டிகளில் 26,000 டி.பி.ஐ. என்றெல்லாம் பெரிதாகப் போடுகிறார்கள். 800 டி.பி.ஐ. என்றால் மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 புள்ளி. 1920 புள்ளி அகலமுள்ள திரையை அது ஏறக்குறைய 6 செ.மீ.யில் கடந்துவிடும். 3200-இல் 1.5 செ.மீ. போதும். அந்த ஒன்றரை செ.மீ.க்குள் துல்லியமாக நிறுத்த, முழங்கையும் தோளும் அசையாமல் மணிக்கட்டும் விரல்களும் மட்டும் இறுகிப்போய் வேலை செய்யும். நன்றாக ஆடும் பிள்ளைகள் பலர் 800, 1600 என்ற அளவிலேயே வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெரிய எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மணிக்கட்டுக்கு அடியில் வைக்கும் ஜெல் மேடு உள்ள பேட்டும் வேண்டாம். ஆடாமல் ஓய்ந்திருக்கும் நேரத்தில் கை வைக்க நல்லதுதான், ஆடும்போது நரம்பிருக்கும் இடத்தை அடியிலிருந்து அழுத்தும்.

லேப்டாப்புக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. விளையாட்டு லேப்டாப்கள் பலவற்றில் வலப்பக்கத் துளைகள் வழியாகச் சூடான காற்று வெளியேறும். சித்திரை வெயிலில், மின்விசிறிக் காற்றே அனலாக இருக்கும் சேலத்து அறையில், மவுஸ் பிடித்த கை அந்தச் சூட்டுக்கு நேரே கிடக்கிறது. கை வியர்க்கும். வியர்த்தால் வழுக்கும், வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். பளபளப்பான மேற்பரப்பு இந்த ஊருக்கு ஆகாது. சொரசொரப்பானதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பைச் சிறிது இடப்பக்கம் நகர்த்தி, சற்றுத் திருப்பி வைத்தால் காற்றும் கையைத் தொடாது, தோளும் வெளியே விரியாமல் உடம்பை ஒட்டி இருக்கும்.

வயர்லெஸ் சங்கதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். டாங்கிள், அதாவது லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு துண்டு, வைத்து இயங்கும் விளையாட்டு மவுஸ்கள் பெரும்பாலும் நொடிக்கு 1000 முறை தகவல் அனுப்பும், புளூடூத் பெரும்பாலும் 125 முறை. விளையாட்டுக்கு டாங்கிள், வகுப்புக்கும் எழுத்து வேலைக்கும் புளூடூத் என்று இரண்டும் உள்ளதாக வாங்கினால் பேட்டரி நீடிக்கும். மவுஸ் விட்டு விட்டு ஓடினால் உடனே பழுது என்று நினைக்க வேண்டாம். யுஎஸ்பி 3.0 துளைகள், டாங்கிள் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதியிருக்கிறது. ஒரு சிறு நீட்டிப்பு வயரில் டாங்கிளைப் பேட்டின் அருகே கொண்டுவந்து பாருங்கள். பையில் போடும்போது டாங்கிளைக் கழற்றி மவுஸின் வயிற்றறைக்குள் வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் வீட்டிலிருந்தபடி வடிவமைப்பு வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் வருகிறார். இடக்கைக்காரர். வலது கைக்கென்று வளைத்துச் செய்த மவுஸை இடது கையில் பிடித்தே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். கட்டைவிரல் பள்ளத்தில் சுண்டுவிரல் உட்கார்ந்திருந்தது. இருபக்கமும் ஒரேமாதிரி இருக்கும் மவுஸுக்கு மாறிய பிறகே தோள்வலி குறைந்தது. அவர் சொன்ன ஒன்றை நான் அதுவரை யோசித்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். துணி பேட் ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும், மவுஸ் சேற்றில் இழுப்பதுபோல் இழுபடும், கையும் கூடுதலாக அழுத்தும். அவருக்குக் கடினமான பிளாஸ்டிக் பேட் சரிப்பட்டது. அது சுருளாது. ஆனால் அவர் அதைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியதில்லையே.

கீழே சேலத்தில் துணிக்கு எதிரி வியர்வையும் எண்ணெயும்தான். தட்டுவடை செட் தின்ற விரலோடு மவுஸைத் தொடாதீர்கள். மாதம் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் தடவிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலில் போட்டால் அடி ரப்பர் வளைந்துவிடும். லித்தியம் பேட்டரி உள்ள மவுஸை, வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஏற்கெனவே மரத்துப்போகும் கையை எந்த மவுஸும் குணமாக்காது. அந்த மாணவனுக்கு ஆறு வாரம் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டோம், பயிற்சி கொடுத்தோம், விளையாட்டு நேரத்தையும் இடைவெளி விட்டுப் பிரித்தோம். மவுஸும் பேட்டும் மாறியது அதோடு சேர்ந்த ஒரு பங்கு. இப்போது ராத்திரி விழிப்பதில்லை என்கிறான். மரமரப்பு பகலிலும் நீடித்தாலோ, டம்ளர் கைநழுவினாலோ, கட்டைவிரல் அடிச்சதை வற்றியதுபோல் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், நரம்புப் பரிசோதனை தேவைப்படலாம். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் இவற்றாலும் இதே மரமரப்பு வரும் என்பதால், மவுஸ்தான் காரணம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

பார்க்க வரும்போது உங்கள் மவுஸையும் மவுஸ் பேட்டையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.