'ரெண்டு ஸோல்' என்றால் எத்தனை மில்லிகிராம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கிளினிக்கில் "டாகா எவ்வளவு பிடிப்பீங்க?" என்று நர்ஸ் கேட்டால், "ஒரு நாளைக்கு ரெண்டு ஸோல்" என்று பதில் வரும். டாகா என்பது கஞ்சா; ஸோல் என்பது அதைக் கையால் சுற்றிய சிகரெட். படிவத்தில் 2 என்று ஏறும். அந்த 2-ஐ வைத்துக்கொண்டு டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது, ஆய்வாளரும் ஒன்றும் செய்ய முடியாது.

போதை தருவது கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. அதில் 5 மில்லிகிராம் ஓர் அலகு. தான் நிதி தரும் ஆய்வுகள் இந்த அலகில்தான் அளவைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021 மே மாதம் அறிவித்தது. 5 மி.கி. ஆபத்தில்லாத அளவு என்று இதற்குப் பொருளில்லை. படி, ஆழாக்கு மாதிரி இதுவும் ஓர் அளவை, அவ்வளவுதான்.

ஒரு ஸோலில் 0.3 கிராம் டாகா என்று வைத்துக்கொள்வோம்; குண்டுமணிக் கணக்கில் சுமார் இரண்டரை. டி.எச்.சி. 5 சதவீதமானால் 15 மி.கி., அதாவது 3 அலகு. 15 சதவீதமானால் 45 மி.கி., 9 அலகு. அதையே மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்தால் ஆளுக்கு 3.

இடறுவது எடையில்தான். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். அது இல்லையென்றால், "ஒரு பேங்கியில் (டாகா விற்கும் சின்னப் பையில்) எத்தனை ஸோல் சுத்துவீங்க?" என்று கேட்கலாம். 2 கிராம் பையில் ஏழு வந்தால் ஒன்றுக்கு சுமார் 0.29 கிராம். சுற்றிய ஸோலைத் தராசில் நிறுத்தால், புகையிலை கலப்பவரிடம் அந்தப் புகையிலையின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது.

சதவீதம் தெரிவது இன்னும் கஷ்டம். 2018-இல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் பெரியவர்களின் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் வழிவிட்டது, விற்பனைக்கு அல்ல. தெருவில் வாங்கும் பேங்கியில் லேபிள் ஏது? குறைந்தது, கூடியது என இரண்டு சதவீதத்துக்கும் கணக்குப் போட்டு, 3 முதல் 9 வரை என்று எழுதுவதே நேர்மை. ஆய்வக அறிக்கை கையில் இருந்தாலும் அதை அப்படியே எடுக்க முடியாது. பச்சைச் செடியில் பெரும்பகுதி டி.எச்.சி.ஏ. என்ற அமிலமாக இருக்கிறது. சூடு பட்டால் கரியமில வாயுவை விட்டு டி.எச்.சி.யாகிறது. அதனால் அமில அளவை 0.877-ஆல் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

சிறுநீர்ச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பவர்கள் உண்டு. அது பார்ப்பது டி.எச்.சி. உடைந்து வரும் பொருளை. தினமும் புகைப்பவர் நிறுத்தி வாரக்கணக்கானாலும் பாசிட்டிவ் காட்டலாம். எத்தனை அலகு என்று அதற்குத் தெரியாது.

இந்த ஊருக்கென்று ஒரு கேள்வியும் உண்டு: "பாட்டில் கழுத்தில் பிடிக்கிறீங்களா?" உடைத்த பாட்டிலின் கழுத்தைக் குழாயாக்கிப் புகைப்பதுதான் அது. மாண்ட்ராக்ஸ் என்ற மயக்க மாத்திரையைப் பொடித்து டாகாவோடு கலந்து அப்படிப் பிடித்தால் அது வைட் பைப். அந்த மாத்திரையை டி.எச்.சி. அலகில் சேர்க்காமல் தனி வரியில் எழுத வேண்டும்.