பாம்பாற்றில் மகசீர்க் குஞ்சு விடப் புறப்படுவோர் கவனத்திற்கு

மழைக்காலம் தொடங்கினால் கேரளத்து மறையூர், காந்தளூர்ப் பக்கத்து விடுதிக்காரர்களிடமிருந்து, மகசீர் என்னும் பெரிய ஆற்று மீனைப் பற்றி எனக்குத் தவறாமல் ஒரே கேள்வி வரும்: "சார், ஆத்துல மகசீர்க் குஞ்சு விடணும், எங்கே கிடைக்கும்?" இம்முறை கேட்டவரோ, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் குஞ்சுகளை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, ஆற்றின் எந்தக் கயத்தில், அதாவது ஆழமான மடுவில், விடலாம் என்று மட்டும் கேட்டார். மீன்தானே, பெருகினால் நல்லதுதானே என்பது அவர் வாதம்.

நல்லதல்ல. ஆனைமுடிச் சரிவிலிருந்து கிழக்கே ஓடும் பாம்பாறு, சின்னாறு சரணாலயத்தைக் கடந்து அமராவதி அணைக்குள் நுழைகிறது. ஆகவே அது கேரளத்தில் பிறந்தாலும் காவிரிக் குடும்பத்து ஆறு. உலகில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத திமில் மகசீருக்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் சூட்டப்பட்டதே பாம்பாற்றில் பிடித்த மீன்களை வைத்துத்தான். 1946இல் காவிரியின் கிளையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய 120 பவுண்டு மீனும் இந்தத் திமில் இனமே. 2018 முதல் அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

கடையில் விற்கும் குஞ்சுகளோ பெரும்பாலும் நீலத்துடுப்பு மகசீர். தக்காணத்து ஆறுகளுக்கு உரிய அந்த இனத்தை மகாராஷ்டிரத்து லோனாவாலாப் பொரிப்பகத்தில் பெருக்கி, 1970களிலிருந்து நாடெங்கும் அனுப்பினார்கள், காவிரியிலும் விட்டார்கள். 1998 முதல் 2012 வரை காவிரித் தூண்டில் முகாம்களில் எழுதிவைத்த பிடிப்புக் கணக்கைப் பார்த்தால், வந்தேறி ஏறிக்கொண்டே போக, மண்ணின் மீன் சரிந்துகொண்டே போவது தெரியும். இரண்டும் கலந்து கலப்பினம் உருவாகும் ஆபத்து வேறு. மகசீர் எல்லாம் ஒன்று என்று இனியும் என்னிடம் சொல்லாதீர்கள். வரையாட்டின் புகலிடமான இரவிகுளத்தில் அதற்குப் பதிலாக வெள்ளாட்டை விட்டு, ஆடு பெருகிவிட்டது என்று மகிழ்வோமா?

"பார்த்து வாங்கினேன்" என்பதும் வேண்டாம். பையிலிருந்து உள்ளங்கையில் ஏந்திய விரல் நீளக் குஞ்சு வெறும் வெள்ளியாய் மினுங்கியது. அந்த வயதில் திமிலும் இல்லை, துடுப்பின் நிறமும் சாட்சி சொல்லாது. எனக்கே மரபணுச் சோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

வாங்கியதை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஓடைக்கரைக் குளத்தில் வளர்த்துக்கொள்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள்; 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் ராட்சத மீனான அரபைமா அகப்பட்டது, அப்படி வளர்ப்பிடங்களிலிருந்து தப்பி வந்துதான். சரணாலயத்துக்குள் தூண்டிலும் போடாதீர்கள், அது குற்றம். ஆற்றுக்கு ஏதாவது செய்தே தீர வேண்டுமென்றால், கயங்களில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பவர்களைப் பற்றி வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். முட்டையிடும் வயதுடைய ஒரு பெரிய தாய் மீனாவது அதனால் பிழைக்கட்டும்.