நமத்துப் போகாத குண்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிலிம் ரிவர் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மண்வேலை நடக்கும் இடங்களில் பாதுகாப்பு அதிகாரியாகப் பணிபுரிகிறேன். ஒரு வறட்சிக் காலத்தில், நாற்றுமேடைக்குத் தண்ணீர் கொடுக்கும் பழைய குட்டையை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். அப்போது, எக்ஸ்கவேட்டர் வாரிக் கொட்டிய சேற்றிலிருந்து எடுத்த ஒன்றை உரச்சாக்கில் சுற்றித் தோளில் சுமந்தபடி, ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளி ஒருவர் என் கொட்டகைக்கே வந்துவிட்டார். சாக்கின் வாய் வழியாகப் பார்த்த அந்தக் கணத்தில் எனக்கு நா வறண்டுபோனது. பீரங்கிக் குண்டு.

"அண்ணே, அசைக்காம அப்படியே மெதுவாக் கீழ வைங்க" என்றேன். அவரோ சிரித்தார். "எண்பது வருசமாத் தண்ணிக்குள்ள கெடந்தது சார். நமத்துப் போயிருக்கும்."

நம் மக்களிடம் நான் மிகுதியாகக் கேட்கும் சொல் இதுதான். தீபாவளிப் பட்டாசு மழையில் நனைந்தால் வெடிப்பதில்லை, ஆகவே குட்டையில் கிடந்த குண்டும் வெடிக்காது என்று நினைக்கிறார்கள். பட்டாசு காகிதத்தில் சுற்றியது. அதன் மருந்தில் உள்ள உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பீரங்கிக் குண்டிலோ, சுமார் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும் டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கெட்டியான எஃகு உறைக்குள் ஊற்றி இறுக விட்டிருப்பார்கள். அது தண்ணீரில் மிக மிகச் சிறிதளவே கரையும். காலம் அரிப்பது உறையைத்தான், மருந்தை அல்ல. ஜப்பானியப் படை பயன்படுத்திய பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்து இன்னும் கொடியது. உலோகத்தோடு சேர்ந்து அது உருவாக்கும் உப்புகள் உராய்வுக்கும் அதிர்ச்சிக்கும்கூட வெடிக்கக்கூடியவை. ஆக, பழைய குண்டு வயதாக வயதாகச் சாதுவாகிறது என்று சொல்ல வழியே இல்லை.

சாக்கு விலகிய இடத்தில், குண்டின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை பச்சை பூத்துத் தெரிந்தது. அதில் ஒரே சீரான இடைவெளியில் சாய்ந்த கீறல்கள் இருந்தன. பீரங்கிக் குழாயின் உட்புறப் பள்ளங்கள் பதித்துவிட்ட தடம் அது. அதாவது, அந்தக் குண்டு சுடப்பட்டது. சுழன்று பறந்த வேகத்தில் அதன் வெடிதூண்டி ஆயத்தநிலைக்கு வந்திருக்கும். விழுந்த இடத்தில் ஏதோ காரணத்தால் வெடிக்காமல் நின்றுவிட்டது. இதை எழுதுவது யாரும் கிட்டே போய்க் கீறலைத் தேடிப் பார்ப்பதற்காக அல்ல. கீறல் இல்லாத குண்டையும் தொடக்கூடாது.

இங்கே குண்டு கிடைப்பதில் வியப்பில்லை. 1942 ஜனவரி 7 அன்று விடிவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் பக்கத்து ஊரான துரோலாக் வழியாக இறங்கி, 11ஆவது இந்தியப் படைப்பிரிவின் அணிகளைச் சிதறடித்துச் சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்தன. பிறகு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் காடுகள் மீது விமானங்கள் குண்டு வீசின. வெடிக்காமல் போனவற்றை மண்ணும் நீரும் விழுங்கிக்கொண்டன.

கடலிலும் இதே கதைதான். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடற்பகுதியில் மூழ்கடிக்கப்பட்ட இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து இரும்பு திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட வெளிநாட்டுக் கப்பல் ஒன்றை, 2023 மே மாதம் நம் கடல்சார் அமலாக்கத் துறை பிடித்தது. அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலும் குண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. அந்தக் கிடங்கில் வேலை செய்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

முறையாக அகற்றுவது எவ்வளவு நிதானமான வேலை என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அதன் கடற்பகுதிகளில் ஏறத்தாழ 16 லட்சம் டன் போர்த்தளவாடங்கள் கிடப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இரும்பைக் காட்டிக்கொடுக்கும் காந்தமானியாலும், ஒலியால் துழாவும் சோனாராலும் கடல்தரையை அங்குலம் அங்குலமாகத் தேடி, கேமரா பொருத்திய இயந்திரத்தை இறக்கிப் பார்த்த பிறகே, எடுப்பதா, அங்கேயே அழிப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். நீரில் ஒலி அதிகம் வலுவிழக்காமல் பாய்வதால், வெடிப்பின் அதிர்வு வெகுதூரத்து உயிர்களையும் தாக்கும். அதனால் அடித்தரையில் துளையிட்ட குழாயை வளையமாகக் கிடத்தி, காற்றைச் செலுத்திக் குமிழ்த்திரை எழுப்புகிறார்கள். அதிர்வின் வலிமையைக் குமிழ்கள் குறைத்துவிடும். இவ்வளவு இருந்தும் எதுவும் உறுதியில்லை. 2020 அக்டோபர் 13 அன்று போலந்தின் கால்வாய் ஒன்றில், ஐந்து டன்னுக்கு மேற்பட்ட குண்டை வெடிக்க விடாமல் எரித்து அழிக்கக் கடற்படை முயன்றபோது அது வெடித்தே விட்டது. சுமார் 750 பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் ஒருவருக்கும் காயமில்லை.

எனவே குட்டையிலோ ஆற்றிலோ கடற்கரையிலோ சந்தேகத்துக்குரிய இரும்பு கண்ணில் பட்டால், கழுவாதீர்கள், தட்டாதீர்கள், அடையாளத்துக்காக அருகில் முளை அடிக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, பிள்ளைகளையும் மற்றவர்களையும் வெகுதூரம் விலக்கிவிட்டு அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வழியிலுள்ள அத்தனை பேரையும் ஆபத்தில் மாட்டிவிடும். தெரியாமல் தூக்கிவிட்டால், மெல்லக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். எடுத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

அன்று மாலைக்குள் போலீசின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வந்தார்கள். கொட்டகையையே நாங்கள் கைவிட வேண்டியதாயிற்று. பள்ளம் தோண்டி, மணல்மூட்டை அடுக்கி, அவர்கள் அதை வெடிக்கச் செய்தபோது, தூரத்தில் நின்ற எங்கள் காலடியில் மண் அதிர்ந்தது. அந்த அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் சில வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும் என்றுதான் முதலில் எடுத்தாராம். பிறகு சந்தேகம் வந்து என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்.

கிடைக்கும் இரும்பைத் தொழிலாளர்களே விற்றுக்கொள்ளலாம் என்ற வழக்கம் எங்கள் வேலைத்தளத்தில் இருந்தது. குறைந்த கூலிக்கு ஈடாக அதை ஒரு சலுகைபோல விட்டுவைத்திருந்தார்கள். நானும் அதைக் கண்டும் காணாமலும் இருந்தேன். மறுவாரமே அதை நிறுத்தச் செய்தேன். சேற்றில் இரும்பு தென்பட்டதும் வேலையை நிறுத்தித் தகவல் சொல்பவருக்கு அன்றைய கூலி ஒரு காசும் குறையாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி, கொட்டகைச் சுவரில் தமிழிலும் மலாயிலும் ஒட்டினேன்.